ஆறாவது கட்டமும் இரண்டாவது பொட்டலமும்

சென்ற மாதம் ஷாமளா கூப்பிட்டாள். சிரம்பானில் நான் முப்பது வருடம் வேலை பார்த்த தனியார் கல்லூரியில் இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அவள்தான்.

"சார், இனிமே நம்ம ஆளுங்க தோட்டம் தோட்டமா அலைய வேண்டாம். எந்த இன்ஜினியரிங் எடுக்கலாம்னு கம்ப்யூட்டரே ஒம்பது கேள்வி கேட்டுச் சொல்லிரும். தமிழ்க் கேள்விங்கள மட்டும் ஒரு தடவ பாத்துக் குடுங்க லா" என்றாள்.

பார்த்துக் கொடுத்தேன். எழுத்துப்பிழைகளைத் திருத்திய பிறகும் அந்தப் பிற்பகல் பாக்கி இருந்ததால், ஒன்பது கேள்விகளுக்கும் நானே பதில் சொல்லிப் பார்த்தேன். ஓய்வு பெற்றவனுக்கு இதெல்லாம்தான் பொழுது. இயந்திரம் மூச்சுகூட விடாமல், "உங்களுக்கு மிகவும் பொருத்தமான துறை: கட்டடப் பொறியியல்" என்றது. இருபது வயதில் நான் இரண்டு வருடம் படித்து, ஒரே பாடத்தில் மூன்று தடவை தவறி, கும்பிடு போட்டுவிட்டு ஓடிவந்த துறை அது. என் அப்பாவும் அப்போது இதையேதான் சொன்னார். அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஆக, நாடு முன்னேறித்தான் இருக்கிறது.

"இன்னும் என்ன கேள்வி சேக்கலாம், சார்?" என்று ஷாமளா கேட்டிருந்தாள். போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் அட்டையில் "கல்வி ஆலோசகர்" என்று இருந்தது. தோட்டங்களில் நான் "காலேஜ்காரர்". நான் செய்தது வியாபாரம். பொறியியல் படிக்க முடியாதவன் பொறியியலை விற்றான், அவ்வளவுதான். பள்ளி இறுதி எஸ்.பி.எம். தேர்வு முடிவு வந்த மறுநாள் காலை காரில் மடக்கு மேசை, கல்லூரிப் படம் போட்ட துணி, ஒரு கட்டு விண்ணப்பப் பாரம் எல்லாம் ஏற்றிக்கொண்டு கிளம்பினால் கோலா கிளாவாங் மலைப்பக்கம் தொடங்கி புக்கிட் பெலண்டோக்கில் எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டங்கள் வரை போய்வர இரண்டு மாதம் ஆகும். அந்த இரண்டு மாதமும் நான் குடித்த மைலோவைச் சேர்த்து வைத்திருந்தால் ஒரு தண்ணீர்த்தொட்டி நிரம்பியிருக்கும்.

எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர் பதிவாளர் செல்லத்துரை. சிரம்பான் ரஹாங்கில் குடியிருந்த யாழ்ப்பாணத் தமிழர். தாத்தா தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி, அப்பா தலைமைக் கிராணி. மூன்று தலைமுறையாக அந்தக் குடும்பத்தில் யாரும் ஒரு தாளைக் கோணலாக வைத்ததில்லை. என் பயிற்சிக் காலம் மூன்று மாதம். முதல் இரண்டரை மாதம் அவர் காரோட்ட நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கடைசி இரண்டு வாரம் நான் ஓட்ட அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு வீட்டிலிருந்தும் திரும்பி வரும்போது என் பிழைகளை ஒரு சின்ன நோட்டில் பென்சிலால் எழுதினார். நோட்டு தீர்ந்த அன்றைக்கு, "இனி நீர் தனியப் போகலாம்" என்றார்.

அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. உயர்த்தினால்கூடப் பரவாயில்லை, நாமும் கோபப்படலாம். அவர் தாழ்த்துவார்.

அவருடைய முறைகள் இப்போதும் என் உடம்பில் இருக்கின்றன. ஒரு வீட்டுக்குப் போனால் அப்பா உட்காரும் நாற்காலியில் உட்காரக் கூடாது. எது அப்பா நாற்காலி என்று தெரியாவிட்டால் சுவர் ஓரமாகப் போய்விட வேண்டும். கொடுத்ததைக் குடித்து முடிக்கும்வரை பையைத் திறக்கக் கூடாது. முதல் கேள்வியே மதிப்பெண்ணாக இருக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று உண்டு: பாரத்தைப் பிள்ளைதான் நிரப்ப வேண்டும், தன் கையெழுத்தில், எந்த மொழியிலும். அது நிரப்பும் நேரத்தில் ஆலோசகர் வாசலுக்கு வெளியே போய், செருப்புகளுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும்.

"நீர் காலேஜை விற்கப் போறீர். அது பிழையில்லை" என்பார். "ஆனா பிள்ளையின்ர பதிலைக் களவெடுக்காதையும்."

பாரத்தில் ஆறு கட்டங்கள். ஆறாவது, "இந்தத் துறையை ஏன் தேர்ந்தெடுத்தாய்?" செல்லத்துரை பாரத்தைக் கீழிருந்துதான் படிப்பார். ஆறாவது கட்டம் சரியில்லை என்றால் மேலே ஏறவே மாட்டார். "மாமா சொன்னார்", "கூட்டாளி சேர்கிறான்", "சம்பளம் நல்லது" எல்லாம் ஓரத்தில் ஒரு பென்சில் கோட்டோடு திரும்பிவிடும். நாங்கள் மறுபடியும் பெட்ரோல் போட்டுக்கொண்டு அதே வீட்டுக்குப் போய் அதே மைலோவைக் குடிக்க வேண்டும். ஒரே ஒரு தடவை அவர் சிரித்துப் பார்த்திருக்கிறேன். கோலா கிளாவாங் பையன் ஒருவன் எழுதியிருந்தான்: "மழை பெய்தால் எங்கள் மலைச்சாலை சரிகிறது. எந்த இடம் சரியும் என்று தெரிந்தால் பஸ்ஸில் எந்தப் பக்கம் உட்காருவது என்று முடிவு செய்யலாம்." அன்று மாலைக்குள் அவனுக்குக் கட்டடப் பொறியியலில் இடம் போய்விட்டது.

இனி புவனா விஷயம்.

பன்னிரண்டு பதின்மூன்று வருடம் இருக்கும். கல்லூரி அப்போதுதான் இயந்திரப் பொறியியல் பட்டப்படிப்பைத் தொடங்க இருந்தது. முதல் வகுப்புக்குப் பதினைந்து பேர் வேண்டும். பதினான்கு பேரைப் பிடித்துவிட்டேன். புதுப் படிப்பு என்பதால் தற்காலிக அங்கீகாரம்தான். முதல் குழு கடைசி வருடத்துக்கு வந்த பிறகுதான் முழு அங்கீகாரம். இதை யாராவது கேட்டால் சொல்வேன். கேட்காவிட்டால் மைலோ குடிப்பேன்.

புக்கிட் பெலண்டோக் பக்கம் ஒரு தோட்டத்தில் முனியாண்டி மண்டோர். அறுபது எழுபது பேரை அதட்டி வேலை வாங்குகிற மனிதர். வீட்டில் மூத்த மகள் புவனேஸ்வரியைப் பார்த்தால் குரல் குழைந்துவிடும். அவளுக்குக் கணிதத்திலும் பௌதிகத்திலும் முதல் தரம். அரசாங்க மெட்ரிகுலேஷன் படிப்புக்கு இடமும் கிடைத்திருந்தது. ஒரு வருடம் படித்துவிட்டு அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்குப் போய் அதே இயந்திரப் பொறியியலைப் படிக்கலாம். அது வடக்கே கெடா மாநிலத்தில். எங்கள் கல்லூரியோ வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வருகிற தூரம். மெட்ரிகுலேஷனுக்குப் பதில் சொல்ல மூன்று நாள் பாக்கி இருந்தபோது முனியாண்டி எனக்குப் போன் போட்டார்.

"சார், பாரத்தக் கொண்டுக்கிட்டு வாங்க. கோயில்ல பூக் கேட்டுட்டு எழுதிக் குடுத்திடறோம்."

பூக் கேட்பது எல்லாத் தோட்டத்திலும் நடப்பதுதான். சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம். அம்மன் முன்னால் வைத்து, எதில் எந்தப் பூ என்று தெரியாத ஒருவரை எடுக்கச் சொல்வார்கள். கல்யாணம், வேலை மாற்றம், அறுவைச் சிகிச்சை எல்லாம் இப்படித் தீர்மானமாவதைப் பார்த்திருக்கிறேன். பொறியியல் கல்லூரி தீர்மானமானதைப் பார்த்தது அதுவே முதல் தடவை.

கோயில் பூசாரி மாரிமுத்து, மற்ற நேரத்தில் தோட்டத்து டிராக்டர் ஓட்டுபவர். அன்றைக்குச் செம்பனைப் பழக்குலை ஏற்றிய டிராக்டர் சேற்றில் மாட்டிக்கொண்டது. அவர் வரத் தாமதமானதால் முனியாண்டியே எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, வாழையிலைத் துண்டில் பூவை வைத்து நூல் சுற்றினார். அது ஒன்றும் முறைகேடு இல்லை. கட்டுவதை யாரும் பார்க்கக் கூடாது. "சிவப்பு வந்தா சார் காலேஜு. வெள்ள வந்தா கெடா" என்று அம்மனுக்குக் கேட்கும்படி சொன்னார். புவனா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் அம்மா சரசு மகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சேற்றுக் காலைக் கழுவிக்கொண்டு பூசாரி வந்தார். "எடுக்கிறது யாரு? எடுக்கிறவங்களுக்கு இதுல லாப நட்டம் இருக்கக் கூடாது. அது ஒண்ணுதான்."

"சாரு எடுக்கட்டும்" என்றார் முனியாண்டி. "அவருக்கு என்னா, வெளியாளு."

பதினைந்தாவது ஆளைத் தேடி எழுபது மைல் சுற்றிவிட்டு வந்தவன் வெளியாள். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். "இல்லீங்க, நான் சம்பந்தப்பட்டவன்" என்று மூன்று சொல். கை மட்டும் தைரியமாக நீண்டது. எடுத்தேன். பூசாரி பிரித்தார். சிவப்புச் செம்பருத்தி.

கற்பூரம் காட்டினார்கள். எல்லோரும் பிராகாரம் சுற்றப் போனார்கள். தட்டை என் கையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். இரண்டாவது பொட்டலம் தட்டிலேயே கிடந்தது. மண்டோர் கை அதட்டப் பழகிய கை, பூக்கட்டப் பழகிய கை அல்ல. நூல் தானாகவே அவிழ்ந்து இலை விரிந்தது.

அதிலும் சிவப்புச் செம்பருத்தி.

நான் பார்த்தேன். அம்மனும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். மற்றவர்கள் பின்பக்கத்திலிருந்து திரும்புவதற்குள் அந்தப் பொட்டலம் என் சட்டைப் பைக்குள் இருந்தது. கை அன்றைக்கு என்னைக் கேட்காமலே வேலை செய்துகொண்டிருந்தது.

வீட்டுக்குப் போனோம். பூசாரியும் தேத்தண்ணீருக்கு வந்தார். குடித்து முடித்துப் பையைத் திறந்தேன். முனியாண்டி பாரத்துக்குக் கை நீட்டினார். "பிள்ளைதான் எழுதணும்" என்று புவனாவிடம் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போய்ச் செருப்புகளோடு நின்றேன். பத்து நிமிடம். பதினைந்து பேர் கொண்ட வகுப்பறையைக் கற்பனை செய்து பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. சட்டைப் பை ஈரமாக நெஞ்சில் ஒட்டிக்கொண்டிருந்தது.

புவனா பாரத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். அழகான கையெழுத்து. பெயர், முகவரி, பாடங்கள் எல்லாம் சரி. ஆறாவது கட்டத்தில் ஒரே வரி: "ஆத்தா சொல்லிருச்சு."

"வேற ஏதாவது எழுதலாமே, ம்மா" என்றேன்.

"வேற எதுவும் இல்லயே சார்" என்றாள். கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. கடை மூடியாகிவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

அந்தக் கூடத்தில் இரண்டு பொய்யர்கள் இருந்தோம். ஒருவர், மகளைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள ஆசைப்பட்ட அப்பா. மற்றவர், பதினைந்தாவது ஆளுக்கு ஆசைப்பட்ட நான். அவருடைய பொய்யை எடுத்துப் போட்டால் மகள் முன்னால் அவர் முகம் என்ன ஆகும் என்று யோசித்தேன். என் பொய்யை எடுத்துப் போட்டால் என் முகம் என்ன ஆகும் என்றும் யோசித்தேன். என் முகத்துக்கு இதிலெல்லாம் அனுபவம் உண்டு.

"பூசாரியாரே, நான் எடுத்தது செல்லாது" என்றேன்.

"ஏன்?"

"லாப நட்டம் இல்லாதவர் எடுக்கணும்னு சொன்னீங்க. எனக்கு இருக்கு. புது வகுப்புக்குப் பதினஞ்சு பேர் வேணும். பதினாலு பேர் இருக்காங்க. புவனா வந்தாத்தான் வகுப்பு நடக்கும். சொல்லாம எடுத்துட்டேன்."

பூசாரி தேத்தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தார். "என்னா சார் நீங்க. டை எல்லாம் கட்டிக்கிட்டு" என்றார். டைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று தெரியவில்லை, ஆனால் எனக்கு உறைத்தது.

"இன்னொண்ணும் சொல்லிடறேன். எங்க படிப்பு புதுசு. இப்ப தற்காலிக அங்கீகாரம்தான். முழுசா வரும்னு நம்பறோம். இன்னும் வரல. மெட்ரிகுலேஷன் வழியாப் போனா அந்தக் கவலை கிடையாது."

முனியாண்டி எழுந்து நின்றார். "ஆத்தா சொன்னத நீங்க யாரு சார் மாத்துறதுக்கு?"

"ஆத்தா சொல்லலியே. நான்தான் எடுத்தேன்."

அவர் என் சட்டைப் பையைப் பார்த்தார். அல்லது பார்த்த மாதிரி எனக்குத் தோன்றியது. மெதுவாக உட்கார்ந்தார். "அப்ப திரும்பப் போய்க் கேப்போம். வேற யாராச்சும் எடுக்கட்டும்."

"அது ஆகாது" என்றார் பூசாரி. "கேட்ட கேள்வியவே திரும்பக் கேட்டா அவள நம்பலன்னு அர்த்தம். இது இனி ஒங்க வீட்டுக் காரியம். நீங்களே பேசிக்குங்க."

அதுவரை வாயே திறக்காத சரசு, கணவரைப் பார்த்துத் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. ஆத்தா பேர இழுக்காம, நீங்க என்னா நெனைக்கிறீங்கன்னு சொல்லுங்க."

முனியாண்டி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். முகத்தில் வியர்வை இல்லை. கடைசியில் கேட்டார்: "அங்க சோறு என்னா போடுவாங்க?"

"சோறுதான்ப்பா போடுவாங்க" என்றாள் புவனா.

"காய்ச்சல் கீய்ச்சல் வந்தா யாரு இருக்கா?"

"அங்கயும் ஆளுங்க இருப்பாங்கப்பா. கெடா, நிலா இல்ல."

சரசு சிரித்துவிட்டார். முனியாண்டிக்கும் வந்தது, அடக்கிக்கொண்டார். "எதுக்கு இந்த மெசினு படிப்பு, அதச் சொல்லு. பொம்பளப் புள்ளைக்கு."

"தண்ணி பம்பு நின்னுபோனா லுக்குட் டவுன்லேருந்து ஆள் வர மூணு நாள் ஆவுதுல்ல? அதுவரைக்கும் லயத்து வீடுங்கள்ல எல்லாரும் தண்ணிக்கு அலையிறோம். அப்புறம் அந்த ஆளு வராரு. அஞ்சு நிமிசத்துல ஒரு வாஷர மாத்திட்டுப் போறாரு. அவரு அந்த அஞ்சு நிமிசம் என்னா பண்றாருன்னு எனக்குத் தெரியணும்."

ஆறாவது கட்டத்தில் எழுதியிருக்க வேண்டியது அதுதான். என் வாழ்நாளில் கேட்ட மிகச் சிறந்த ஆறாவது கட்டம். அது எங்கள் பாரத்துக்கு உதவாது என்று தெரிந்த நொடியில் அதைக் கேட்டேன்.

முனியாண்டி சுவரைப் பார்த்துச் சொன்னார், "நானே கொண்டுபோய் விடுவேன். எடம் புடிக்கலன்னா அதே வண்டியில திருப்பிக் கூட்டிக்கிட்டு வந்திருவேன்."

கொண்டுபோய் விட்டார். முதல் வேளைச் சாப்பாடு போடும்வரை உணவுக்கூடத்து வாசலிலேயே நின்றிருக்கிறார். அங்கிருந்தே எனக்குப் போன்: "சார், சோறு பரவால்ல. சம்பல்ல உப்புத்தான் கொஞ்சம் கூட."

பூக் கேட்ட மறுநாள் காலையே செல்லத்துரை முன்னால் நின்றேன். பூ எடுத்தது, ஒப்புக்கொண்டது எல்லாம் சொன்னேன். இரண்டாவது பொட்டலத்தை மட்டும் சொல்லவில்லை. அது என்னுடையது அல்ல.

"பதினைஞ்சாவது ஆள் வராட்டில் இந்த முறை வகுப்பு இல்லை. தெரியும்தானே?" என்றார். குரல் இரண்டு படி தாழ்ந்திருந்தது.

"தெரியும் சார்."

அந்தப் பாரத்தை மேசையில் வைத்தேன். கீழிருந்து படித்தார். "ஆத்தா சொல்லிருச்சு" என்பதில் பென்சில் நின்றது. வழக்கமான கோடு போடவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து பாரத்தை உள்ளே, ஓரம் பிசகாமல் வைத்தார்.

"இதை நான் திருப்பி அனுப்பியிருப்பன். உமக்குப் பெட்ரோல் மிச்சம்" என்றார். நான் கதவுவரை போன பிறகு, "இனிமேல் கோயிலுக்குப் போனா கும்பிட்டுட்டு மட்டும் வாரும்" என்றார்.

வகுப்பு அடுத்த சேர்க்கையில் பதினேழு பேரோடு தொடங்கியது. உரிய காலத்தில் முழு அங்கீகாரமும் வந்தது. என் வேலையும் போகவில்லை. அதனால், வருத்தப்பட்டு எழுத எனக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஷாமளாவுக்குப் பத்தாவது கேள்வி ஒன்று மட்டும் எழுதி அனுப்பினேன்: "மேலே உள்ள ஒன்பதுக்கும் பதில் சொன்னது யார்?" கம்ப்யூட்டருக்கு அது புரியவில்லையாம்.

இரண்டு வாரத்துக்கு முன் முனியாண்டி லுக்குட்டில் வாங்கிய வீட்டுக்குப் புதுமனை புகுவிழா. புவனா இப்போது ஜெலுபு பக்கம் ஒரு செம்பனை ஆலையில் பொறியாளர். வந்ததும் வராததுமாக, சமையலறைக் குழாயில் தண்ணீர் மெதுவாக வருகிறது என்று மேலே ஏறித் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முனியாண்டி என் கையைப் பிடித்து வெளியே, கார் நிறுத்துமிடத்துக்குக் கூட்டிப் போனார்.

"சார், அன்னிக்கு நீங்க போனப்பறம் கோயிலுக்குத் திரும்பப் போனேன். தட்டுல ரெண்டாவது பொட்டலம் இல்ல."

"ம்."

"எங்க தேடியும் இல்ல."

"என் சட்டைப் பையில இருந்துச்சு. மறந்துபோய்த் துவைக்கப் போட்டுட்டேன். சட்டை பூரா ஊதாக் கறை. வீட்டுக்காரி ஒரு வாரம் என்னோட பேசல."

முனியாண்டி மாடிப்பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "ஆத்தா மேல நம்பிக்கை இல்லாம இல்ல சார். அவ தப்பாச் சொல்லிட்டா என்ன பண்றதுன்னுதான் பயம்."

"எனக்கும்தான்" என்றேன்.

"புதுச் சட்டை ஒண்ணு வாங்கித் தரவா?"

"இத்தனை வருசம் கழிச்சா?"

மாடிப்படியில் ஈரக்கையோடு புவனா இறங்கி வந்தாள். "வாஷர்தாம்ப்பா. மாத்திட்டேன்." எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்னா ரெண்டு பேரும் இங்க வந்து ரகசியம்?"

"ஒண்ணுமில்ல தாயி" என்றார் முனியாண்டி. "சாரோட சட்டை அளவு கேட்டுக்கிட்டிருக்கேன்."